பதினோரு பள்ளிகளில் இருந்த ஆறு பெஞ்சுகள்

எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இருபது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தும் சொந்தமாக நான் எழுதியது கோப்புகளின் மேலட்டைத் தலைப்பு மட்டும்தான். அதுவும் நாலு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் ஊர் படிக்கும்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண் பார்வை மங்கியதால் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. சென்ற மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காகத் தாம்பரத்தில் இருக்கும் பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் பழைய பள்ளி ஆய்வறிக்கைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கட்டத்துல 'நிறைவு', 'குறைவு'ன்னு ரெண்டுதான் இருக்கு. ஆனா சில பழைய ரிப்போர்ட்ல ரெண்டையும் அடிச்சிட்டு வேற ஒண்ணு கையால எழுதியிருக்காங்க. அதை எதுல சேர்க்கறது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அப்புறமா சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றியப் பள்ளி ஆசிரியர். அவர் தவறியபோது என் மகளுக்கு மூன்று வயது. கருணை அடிப்படையில் எனக்குப் பதிவறை எழுத்தர் வேலை கொடுத்தார்கள். அலுவலகம் வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே ரேஷன் கடை. மண்ணெண்ணெய் வாசனை நாள் முழுக்க மேலே வரும். கோப்பை எப்படித் துளையிட்டுக் கட்டுவது, எந்தக் கோப்பை எத்தனை வருடம் வைத்திருப்பது, எதை எரிப்பது என்று மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். பதிவறையில் பெரிய இரும்பு அலமாரிகள் இருந்தன. அவற்றின் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணிலும் பட வேண்டாம். பதவி உயர்வுக்குத் தேர்வு எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. அந்த அலமாரியை விட்டு வர எனக்கு மனம் இல்லை என்பதுதான் உண்மை.

எங்கள் அலுவலகத்தின் முக்கிய வேலை பள்ளிகளை ஆய்வு செய்வது. உதவிக் கல்வி அலுவலர் தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் வருடம் ஒரு தடவையாவது போக வேண்டும். எந்த நாளில் எந்தப் பள்ளி என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பயண நிரல் என்று பெயர். அது ரகசியம். ஆய்வு முடிந்ததும் படிவத்தை மூன்று நகல் எழுதுவார்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று என் அலமாரிக்கு. அந்தப் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'கட்டடம், தளவாடம்: நிறைவு / குறைவு'. பொருந்தாததை அடித்துவிட வேண்டும்.

பார்த்தால் சாதாரண வரி. ஆனால் அதில் 'குறைவு' என்ற வார்த்தை எங்கள் ஒன்றியத்தில் ஒரு மனிதரைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஏரிக்கரை ஓரம் இருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் சாமிக்கண்ணு சார், 'பெஞ்சு இல்லை, பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள்' என்று உள்ளதைச் சொன்னார். அப்போதிருந்த அலுவலர் 'நிறைவு' என்பதை அடித்தார். குறைவு என்றால் தேவை என்று எல்லாரும் நினைத்தோம். தணிக்கைக்காரர்கள் அப்படிப் படிக்கவில்லை. அவர்கள் பாஷையில் குறைவு என்றால் இருப்பில் குறைந்தது. இருந்த பொருள் காணாமல் போனது.

'குறைவு ஏற்பட்ட சூழ்நிலை என்ன? பொறுப்பானவர் யார்?' என்று கேட்டுக் கடிதம் வந்தது. 'எங்கள் பள்ளிக்குப் பெஞ்சே கொடுக்கப்படவில்லை' என்று அவர் பதில் எழுதினார். 'கொடுக்கப்படாத பொருளில் குறைவு எவ்வாறு ஏற்படும்?' என்று மறு கடிதம் வந்தது. எட்டுப் பதில்கள் எழுதினார் அவர். கோப்பு என் கையில்தான் தடித்தது. கடைசியில் நாலு பெஞ்சின் விலையை அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். அந்தப் பெஞ்சுகளை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அந்த ஊரில் யாருமே பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் எல்லையில், ஒருவரைத் தவிர, யாரும் 'குறைவு' என்று வாயால் சொல்லவில்லை.

தேவநாதன் சார் உதவிக் கல்வி அலுவலராக வந்தது அதற்கு அடுத்து. ஒல்லியான மனிதர். எப்போதும் கையில் குடை. பள்ளிக்குள் நுழைந்ததும் வகுப்புக்குப் போகமாட்டாராம். முதலில் குடிதண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாராம். பிறகு கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பாராம். பள்ளியில் யார் கொடுத்தாலும் காப்பி குடிக்கமாட்டார். யாரையும் திட்டமாட்டார். பிடிக்காதது எதையாவது பார்த்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கைக்குட்டையை எடுத்தால் தலைமையாசிரியர்களுக்கு வியர்க்கும். அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுக்காமல் மைப் பேனாவால் தானே எழுதுவார். ஒவ்வொரு வரி எழுதும் முன்பும் தலைமையாசிரியரைப் பார்த்து, "எழுதிடலாமா?" என்று கேட்பார். "நிறைவுன்னு எழுதிடலாமா?" "எழுதிடலாம் சார்." எழுதிவிடுவார். மரியாதைக்குக் கேட்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் வந்த புதிதில் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவராக என் அலமாரிப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். "பத்மாம்மா, சார் அடுத்த வாரம் எந்தப் பக்கம்?" என்று மெல்லக் கேட்பார்கள். பள்ளியைப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எதிர்த்துப் பேசும் தைரியமும் எனக்கு இல்லை. பயண நிரலைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

ஒரு வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. மீன்பாடி என்னும் மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டும் கன்னியப்பன் ஒரு நாள் மாடி ஏறி வந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"எக்கா, சாரு நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸுல போறாரு? அதுக்கு முந்தி நான் போயி எறக்கணும்."

"என்னத்தை எறக்கணும்?"

"இன்னாக்கா, ஆபீஸ்ல குந்தினு கீற, உனக்குத் தெரியாதா? பெஞ்சுக்கா! ஆறு பெஞ்சு. இங்கேருந்து சதுப்பு வரைக்கும் எல்லா ஸ்கூல்லயும் அதுதான் படிச்சினு கீது. இத்தினி ஸ்கூல்ல படிச்சும் ஒண்ணுலயும் பாஸாவ மாட்டேங்குது." அவனே சிரித்தான். "அதுல ஒரு பெஞ்சு பின்னால உப்புமான்னு வேற எழுதி வெச்சிகீறாங்க."

பெஞ்சுகள் தாம்பரத்தில் இருந்த பெரிய பள்ளிக்குச் சொந்தமானவை. அந்தப் பள்ளியைச் சுற்றி உத்தியோகஸ்தர்களும் கடைக்காரர்களும் இருந்தார்கள். கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் ஆறு நீளப் பெஞ்சுகள் செய்து கொடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் 'உபயம்' என்று எழுதித் தன் பெயரையும் எழுதியிருந்தார். மற்ற பள்ளிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். 'உபயம்' மட்டும் மிச்சம். ஒரு பெஞ்சில் சுரண்டும்போது 'ய'வும் சேர்ந்து போய் 'உபம்' ஆகிவிட்டது. கன்னியப்பனின் உப்புமா அதுதான்.

இதை ஆரம்பித்து வைத்தவர் பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் ஜெகநாதன் சார். நல்ல மனிதர். சாமிக்கண்ணு சாரின் சம்பளப் பிடித்தத்தைப் பார்த்து மனம் கேட்காமல் செய்த காரியம். நான் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டபோது சிரித்தார்.

"இதுல என்னம்மா தப்பு? கல்யாண வீட்டுக்கு ஜமக்காளம் இரவல் குடுக்கறதில்லையா? அந்த மாதிரிதான். யாருக்கும் நஷ்டமில்லை."

யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நாலு வருடம் நினைத்தேன். பதினோரு பள்ளிகள் இப்படி இரவல் வாங்கின. பதினோரு பள்ளிகளின் அறிக்கையிலும் 'நிறைவு'. நான் அவற்றைத் தேதி வாரியாகக் கட்டி அலமாரியில் ஏற்றினேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்று சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்தது. கீழப்பேட்டை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே கூடம். ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியை சுலோசனா டீச்சர். இன்னொரு ஆசிரியர் இருப்பதாகக் கணக்கு. அவரைப் பாதி நாள் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். டீச்சர் தினமும் காலையில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு ஒரு கூடத்தை ஐந்தாகப் பிரிப்பாராம். "என் ஸ்கூல்ல சுவர் எல்லாம் நான் தினமும் கட்டறதுதான் பத்மா, சாயங்காலம் பெருக்கிடுவாங்க" என்று வேடிக்கையாகச் சொல்வார். ஊரில் பழைய குடியானவர் வீடுகளும், வயலை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகிறவர்கள் வீடுகளும் இருந்தன. பக்கத்தில் புதிதாக வந்த காலனிக்காரர்கள் பிள்ளைகளை வேன் ஏற்றி மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்தப் பள்ளிக்காகப் பேச வசதியான ஆள் யாரும் இல்லை. உபயம் எழுதவும் ஆள் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மழையில் அந்தக் கூடத்தின் பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் அடியில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மழை வந்தால் வீட்டுக்குப் போனார்கள். பழுது பார்க்கப் பணம் இல்லை, பள்ளியை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று ஒன்றியத்தில் பேச்சு எழுந்தது. குப்பை லாரிகள் போகும் சாலை அது. இணைத்தால் சின்னப் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் நிறுத்திவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னார்.

அதே மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வசதி குறைந்த தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக ஓர் அறையும் அதற்கான தளவாடமும் கொடுக்கப் போகிறார்கள். கடந்த மூன்று ஆண்டு ஆய்வறிக்கைகளின்படி தகுதியான பள்ளிகளைப் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். அறிக்கைகளை எடுத்துப் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது.

எடுத்தேன். கீழப்பேட்டை: நிறைவு, நிறைவு, நிறைவு. இரவல் வாங்கிய மற்ற பத்துப் பள்ளிகளும் அப்படியே. எங்கள் எல்லை முழுவதிலும் தகுதி பெற்றது ஒரே ஒரு பள்ளி. அதன் தலைமையாசிரியர் பெஞ்சு இரவல் வாங்கக்கூடச் சோம்பல்பட்டவர். சம்பளத்தில் பிடித்தாலும் கவலைப்படாத வசதிக்காரர்.

சேதி கேட்டு சுலோசனா டீச்சர் நனைந்த புடவையோடு வந்தார். அறிக்கைகளைக் காட்டினேன். மூன்றிலும் அவர் கையெழுத்து இருந்தது.

"இதுக்கு யாரைத் திட்டறது பத்மா?" என்றார். "நானேதான் மூணு வருஷமும் 'எழுதிடலாம் சார்'னு சொன்னேன். ஆய்வு அன்னிக்கு மட்டும் பசங்க எண்ணெய் தடவி வருவாங்க, பெஞ்சுல உக்காரலாம்னு. சாயங்காலம் வண்டி வந்து தூக்கிட்டுப் போறப்போ ஒண்ணு அழும். நாளைக்கு வரும்னு பொய் சொல்லி அனுப்புவேன்."

அன்று மாலையே ஜெகநாதன் சார் வந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னிடம் அவர் கோபமாகப் பேசியது அது ஒரு தடவைதான்.

"நீ எதுவும் எடுத்துக் குடுக்காத. பதினோரு பேருக்கும் மெமோ வரும். எனக்கு ரெண்டு வருஷத்துல ரிடையர்மென்ட். பென்ஷனை நிறுத்தி வெச்சா எங்க போவேன்? உனக்கும் வேலை போகும். உன் பொண்ணை நெனச்சிப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் பட்டியலை அனுப்பாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். பேசத் தெரிந்தவளாக இருந்தால் முதல் நாளே பேசியிருப்பேனோ என்னவோ. எனக்குத் தெரிந்தது கோப்பு மட்டும்தான். அதனால் அறிக்கைகளை மறுபடி வரிவரியாகப் படித்தேன். அதில்தான் அதைப் பார்த்தேன்.

தேவநாதன் சார் குறிப்புரைப் பகுதியில் தன் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'நீளப் பெஞ்சுகள் ஆறு. ஒன்றின் பின்புறம் உபயம் என்ற சொல்லில் ய அழிந்துள்ளது.' ஒரு பள்ளியில் அல்ல. பதினொன்றிலும். மூன்று வருடமும்.

முப்பத்துமூன்று அறிக்கைகளையும் தேதி வாரியாக அடுக்கி, அந்த வரி இருக்கும் பக்கத்தில் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, மேலே ஒரே ஒரு பள்ளி இருந்த பட்டியலை வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். "இருங்க" என்றார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழாவது எட்டாவதுக்கு மேல் புரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எடுத்து வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார்."

"இந்தப் பெஞ்சு விஷயம் உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாலு வருஷமா சார்."

"எனக்கு அஞ்சு" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரும் உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

"ரெண்டாவது ஸ்கூல்லயே தெரிஞ்சிடுச்சும்மா. குறைவுன்னு எழுதினா அவங்க சம்பளத்துல கை வைப்பாங்க. ஒவ்வொரு தடவையும் எழுதிடலாமான்னு கேக்கறேன், யாராவது ஒருத்தர் வேணாம் சார்னு சொல்லட்டும்னு. சொல்லல. அந்த 'ய' அழிஞ்சதை எழுதி வெச்சேன், மேல யாராவது படிச்சா அவங்களே கேக்கட்டும்னு. யாரும் படிக்கல." புரட்டிய அறிக்கைகளை ஒன்றாக அடுக்கினார். "சும்மா சொல்லக் கூடாது. நிறைவுன்னு எழுதறது எனக்கும் சௌகரியமாத்தான் இருந்தது."

பட்டியலை அனுப்பப் பத்து நாள் இருந்தது. பதினோரு பள்ளிகளையும் மறுபடி பார்க்கப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை பயண நிரல் கிடையாது. பழைய அறிக்கைகளை எடுத்துக்கொண்டு நானும் வர வேண்டும்.

மறுநாள் கீழப்பேட்டைக்குத்தான் முதலில் போனோம். பஸ் இறங்கிச் சேற்றில் நடந்தோம். அலமாரியில் எனக்குப் பாடமாக இருந்த பள்ளியை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கூடத்தின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே ஈரத்தரை. மரத்தடியிலும் டீச்சர் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். மண்ணில் அது சரியாகத் தெரியவில்லை.

எங்களைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சு இல்லாத நாளில் அலுவலர் வந்து நிற்கிறார். சார் எதுவும் நடக்காத மாதிரி பானையை முகர்ந்து பார்த்தார். மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். வேட்டியில் சேறு. பிறகு படிவத்தை விரித்தார்.

"டீச்சர், பெஞ்சு எத்தனை?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"இல்ல சார்."

"குறைவுன்னு எழுதிடலாமா?"

டீச்சர் சாமிக்கண்ணு சாரை நினைத்திருப்பார். பிறகு அவர் குரல் உயர்ந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"எழுதாதீங்க சார். குறையறதுக்கு முன்னால இருக்கணும் இல்ல? இந்த ஸ்கூல் கட்டின நாள்லேர்ந்து இங்க வந்ததே இல்ல சார். வந்ததே இல்லாத பொருளை நான் எப்படித் தொலைப்பேன்?"

சார் பேனாவை மூடாமல் அப்படியே வைத்திருந்தார். ஒரு சொட்டு மை படிவத்தில் விழுந்தது. பிறகு 'நிறைவு' என்பதை அடித்தார். 'குறைவு' என்பதையும் அடித்தார். பக்கத்தில் இருந்த இடத்தில், 'இதுவரை வழங்கப்படவே இல்லை' என்று எழுதினார்.

"இதை எழுதிடலாமா?"

"எழுதுங்க சார்" என்றார் டீச்சர்.

மற்ற பத்துப் பள்ளிகளிலும் அதே வரியை எழுதினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் கணினியில் சேர்க்க இடம் தேடிய மூன்றாவது வார்த்தை இதுதான்.

ஆனால் புதிய அறிக்கையில் இப்படியும் பழைய அறிக்கையில் 'நிறைவு' என்றும் இருந்தால் மாவட்டத்தில் கேள்வி வருமே? அதற்கு ஒரு முகப்புக் கடிதம் தேவைப்பட்டது. தட்டச்சரிடம் கொடுக்காமல், என்னைப் படியெடுக்கச் சொல்லித் தன் வரைவைக் கொடுத்தார். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: 'மேற்படி பள்ளிகளில் என்னால் நிறைவு எனக் குறிக்கப்பட்ட தளவாடங்கள் அப்பள்ளிகளுக்குச் சொந்தமானவை அல்ல. அதனை அறிந்தே நான் அவ்வாறு குறித்தேன்.'

'அறிந்தே' என்ற இடத்தில் என் கை நின்றது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், 'அறியாமல்'னு போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு வராது. அறியாமல்னு போட்டா ஹெட்மாஸ்டருங்க என்னை ஏமாத்தினாங்கன்னு அர்த்தமாயிடும். அப்புறம் பதினோரு பேரையும் கூப்பிடுவாங்க. எழுதுங்க."

எழுதினேன். எழுதி முடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. "சார், பயண நிரலை அவங்களுக்குச் சொன்னது நான்தான். அதையும் போடணும் இல்லையா?"

அவர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா" என்றார்.

நான் மறுபடி வற்புறுத்தவில்லை. பெரிய தியாகம் செய்தவள் போல இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மகளை நினைத்தேன், அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாத விஷயம் இதுதான்.

இணைப்பு முடிவைப் பட்டியல் வரும்வரை தள்ளி வைக்கச் சொல்லி சார் ஒன்றியத்துக்கு எழுதினார். பிள்ளைகள் அந்தக் கோடைவரை மரத்தடியில் படித்தார்கள். ஜெகநாதன் சார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு எந்த மெமோவும் வரவில்லை. பிறகு ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றார். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் இருக்கும். தபால் பையில் இரண்டு உறைகள் சேர்ந்து வந்தன. இரண்டையும் நான்தான் பிரித்துப் பதிவேட்டில் அடுத்தடுத்த எண்களில் ஏற்றினேன். ஒன்று, அறை ஒதுக்கப்பட்ட பள்ளிகளின் பட்டியல். பதினொன்றில் நாலு பள்ளிகள் அதில் இருந்தன. கீழப்பேட்டை மூன்றாவது. மற்ற ஏழும் நிதி வரும்போது பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. நான் இருந்தவரை அந்த ஏழில் இரண்டுக்குத்தான் வந்தது. இன்னொரு உறை தேவநாதன் சாருக்கு. தெரிந்தே தவறான அறிக்கை தந்ததற்கு விளக்கம் கேட்டும், விசாரணை முடியும்வரை தெற்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றியும் உத்தரவு. விசாரணை முடிவில் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சார் இரண்டையும் படித்தார். தன்னுடையதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கீழப்பேட்டை நகலைத் தபால்ல போடாதீங்க. போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். கையில குடுத்துடுங்க" என்றார்.

மாலை பஸ்ஸில் நானே போனேன். சுலோசனா டீச்சர் பள்ளியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சுவரே இல்லாத கூடத்தின் கதவுக்குப் பூட்டு. உத்தரவை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"அவருக்கு?" என்றார்.

சொன்னேன். டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாயால சொன்னேன், அவ்வளவுதான். அவர் கையால எழுதிட்டாரே பத்மா" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஒன்றியப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, இடிந்த சுவரை ஒட்டி இருபதுக்கு இருபது அடி நாடா பிடித்து அளந்து, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கு விடுமுறை விடவில்லை.